கனவை எழுதிய பெண்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை சமையல் முடிந்து ஓய்வாக உட்காரும்போது படியுங்கள். ஆண் பிள்ளைகள் சமையலுக்கு ஒத்தாசை செய்துவிட்டுப் படியுங்கள்.

நம் பழைய மாணவர் குழுவில் சென்ற வாரம் ஒருவர் சர்ரியலிசம் பற்றி ஒரு குறிப்பு போட்டிருந்தார். நல்ல குறிப்புதான். பிரெத்தோன், எலுவார், அரகோன், டாலி, மாக்ரித் என்று பெயர்கள் வரிசையாக வந்தன. அதற்குக் கீழே நம் மாணவி ஒருத்தி, இப்போது அவளே ஒரு தமிழாசிரியை, "டீச்சர், இதில் பொம்பளைங்க யாருமே இல்லையா?" என்று கேட்டிருந்தாள். இருக்கிறார்கள் அம்மா. நிறையவே இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு நான் படித்தவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அவர்களுடைய வரலாறுதான். ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வராததால் இதை எழுதுகிறேன்.

முதலில் சர்ரியலிசம் என்றால் என்ன? தமிழில் மீயதார்த்தம் என்று சொல்கிறார்கள். கவிக்கோ அப்துல் ரகுமானின் 'பால்வீதி'யைக் கல்லூரியில் படித்தவர்களுக்கு இந்தச் சொல் பழக்கமாக இருக்கும். முதல் உலகப் போரின்போது ஆந்த்ரே பிரெத்தோன் என்ற மருத்துவ மாணவர் மனம் கலங்கிப்போன படைவீரர்களுக்கு நடுவே வேலை பார்த்தார். அவர்கள் பிதற்றிய சொற்களில் கவிஞர்களுக்கும் கிடைக்காத படிமங்கள் வருவதைக் கேட்டார். கனவைப் பற்றி ஃபிராய்டு சொன்னதையும் படித்தார். அறிவு, ஒழுங்கு, நாகரிகம் என்று பேசிய ஐரோப்பாதானே லட்சக்கணக்கானவர்களைப் பதுங்குகுழிகளில் கொன்றது? அப்படியானால் அந்த அறிவின் காவல் இல்லாமல், கனவு வருகிற மாதிரியே எழுதினால் என்ன என்று கேட்டார். 1924-இல் பாரிஸில் அவருடைய முதல் அறிக்கை வந்தது. யோசிக்காமல், திருத்தாமல், கை ஓடுகிறபடி எழுதுவது அவர்களுடைய பயிற்சி. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று வகுப்பில் நான் உங்களைப் படுத்திய பாட்டுக்கு நேர் எதிரானது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கனவு நமக்குப் புதிதில்லை. பல் விழுந்தால் ஒரு பலன், பாம்பு துரத்தினால் ஒரு பலன், விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்? எங்கள் பாட்டி, "கெட்ட கனவு கண்டா வெளியே சொல்லாதே, தொழுவத்துல மாட்டுக்கிட்ட போய்ச் சொல்லு" என்பார். அந்தக் காலத்தில் நம் வீட்டுப் பெண்களின் கனவுக்குக் கிடைத்த காது அநேகமாக அந்த மாட்டின் காதுதான்.

பாரிஸில் என்ன நடந்தது என்பதற்கு இரண்டு படங்களைச் சொல்கிறேன்.

முதல் படம் 1924-இல் மேன் ரே எடுத்த புகைப்படம். ஒரு மேசை, அதன்மேல் டைப்ரைட்டர், அதன் முன்னால் ஒரு பெண். அவரைச் சுற்றி ஆண்கள் கூட்டமாக நிற்கிறார்கள். ரொபேர் தெஸ்னோஸ் என்ற கவிஞர் விழித்தபடியே கனவு கண்டு சொல்கிறார், அந்தப் பெண் டைப் அடிக்கிறார். அவர் சிமோன் கான், பிரெத்தோனின் மனைவி. நன்றாகப் படித்தவர், அந்தக் கூட்டங்களில் முதலிலிருந்தே இருந்தவர். அந்த நாட்களில் நடந்ததையெல்லாம் தன் உறவுக்காரப் பெண்ணுக்குக் கடிதங்களாக எழுதினார். அந்தக் கடிதங்கள் புத்தகமாக வந்தது 2005-இல், அவர் இறந்து 25 ஆண்டுகள் கழித்து. உங்களில் எத்தனை பேர் பத்தாவது முடித்ததும் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் என்று போனீர்கள்? அடுத்தவர் சொன்னதைத்தானே அடித்தீர்கள்? அதனால்தான் இந்தப் படம் உங்களுக்குச் சட்டென்று புரியும் என்று நினைத்தேன்.

இரண்டாவது படம் 1929 டிசம்பரில் அவர்களுடைய பத்திரிகையில் வந்தது. நடுவில் மாக்ரித் வரைந்த ஒரு நிர்வாணப் பெண். அவளைச் சுற்றி நான்கு பக்கமும் 16 பேரின் புகைப்படங்கள். 16 பேரும் ஆண்கள், எல்லோரும் கண்ணை மூடியிருக்கிறார்கள். கனவு காண்பது அவர்கள், கனவில் வருவது அவள். அந்த இயக்கத்தில் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட இடம் எது என்பதை அவர்களே அச்சடித்து வைத்துவிட்டார்கள்.

அந்த இடத்தில் வைக்கப்பட்ட ஒருத்தியின் கதையைக் கேளுங்கள். 1926 அக்டோபரில் பாரிஸ் தெருவில் பிரெத்தோன் ஓர் இளம்பெண்ணைச் சந்தித்தார். சில நாட்கள் பழகினார்கள். அவள் பேச்சும் அவள் கிறுக்கிய படங்களும் அவரை வியக்க வைத்தன. 1928-இல் 'நாத்யா' என்ற புகழ்பெற்ற புத்தகத்தை எழுதினார். இன்றுவரை உலகம் முழுக்கப் படிக்கப்படுகிறது. அந்தப் பெண்ணின் உண்மைப் பெயர் லியோனா தெல்கூர். புத்தகம் வருவதற்கு முன்பே, 1927 மார்ச்சில், அவளை மனநல விடுதியில் சேர்த்துவிட்டார்கள். 1941-இல் மனநல விடுதியிலேயே இறந்தாள். பிரெத்தோன் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. அவள் மனக்கலக்கம் ஒருவருக்கு இலக்கியமானது. அவளுக்கோ 14 ஆண்டுகள் நான்கு சுவர்.

இந்த ஏற்பாட்டை மாற்றியவர்கள் பேனாவைத் தாங்களே கையில் எடுத்த பெண்கள்.

ழிசெல் பிரசினோஸ் 1920-இல் கான்ஸ்டான்டினோபிளில் பிறந்த கிரேக்கப் பெண். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் பிரான்சுக்கு வந்துவிட்டது. 14 வயதில் நோட்டில் விசித்திரமான குட்டிக் கதைகள் எழுதினாள். நம் கணக்கில் ஒன்பதாம் வகுப்பு. 1934-இல் அண்ணன் வழியாக அவை அந்தக் குழுவின் கைக்குப் போயின. பெரிய மனிதர்கள் வட்டமாக நின்று கேட்க, அந்தச் சிறுமி தன் கதையைப் படிக்கும் படத்தையும் மேன் ரேதான் எடுத்தார். அடுத்த ஆண்டே எலுவார் முன்னுரையுடன் புத்தகம் வந்தது. ஆனால் அவர்களுக்கு வேண்டியது ஒரு அதிசயக் குழந்தை. குழந்தை வளர்ந்து பெண்ணானதும் ஆர்வம் குறைந்தது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு 1958-இல் ஒரு நாவலுடன் திரும்பி வந்தார். பிறகு கவிதை, கதை, துணி ஓவியம் என்று வேலை செய்துகொண்டே இருந்து, 2015-இல் 95 வயதில் மறைந்தார். வகுப்பில் கெட்டிக்காரியாக இருந்த பெண்ணைப் பத்து வருடம் கழித்துப் பார்த்து, "இப்ப எழுதறியாம்மா?" என்று கேட்டால் அவள் சிரித்து மழுப்புவாளே, அந்த இடைவெளி இவருக்கும் இருந்திருக்கிறது. ஆனால் இவர் அதைத் தாண்டி வந்தார்.

அடுத்து லியோனோரா காரிங்டன். எனக்கு மிகவும் பிடித்தவர். 1917-இல் இங்கிலாந்தில் துணி ஆலை முதலாளி வீட்டில் பிறந்தார். கன்னியர் பள்ளிகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர். பணக்கார வீட்டுப் பெண்களை அலங்கரித்து அரண்மனையிலும் விருந்துகளிலும் கொண்டுபோய் நிறுத்துவது அங்கே வழக்கம். நல்ல வரன் அமையத்தான். நம் ஊரில் பஜ்ஜி, சொஜ்ஜி வைத்துப் பெண் பார்ப்பதை இன்னும் பெரிய செலவில் செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். இதை வைத்து அவர் ஒரு கதை எழுதினார். விருந்துக்குப் போகப் பிடிக்காத ஒரு பெண், மிருகக்காட்சி சாலையில் சிநேகமான கழுதைப்புலியைத் தனக்குப் பதிலாக அனுப்புகிறாள். கழுதைப்புலிக்கு மனித முகம் வேண்டுமே? வீட்டு வேலைக்காரியைக் கொன்று, அவள் முகத்தை மாட்டிக்கொள்கிறது. விருந்தில் நாற்றம் வருகிறது என்று பேச்சு எழுந்ததும், கழுதைப்புலி அந்த முகத்தைப் பிய்த்துத் தின்றுவிட்டு ஜன்னல் வழியாகப் பாய்ந்து ஓடிவிடுகிறது.

சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. ஆனால் ஒரு கேள்வியை விட்டுவிடக் கூடாது. பணக்காரப் பெண்ணின் விடுதலைக்காக முகத்தைப் பறிகொடுத்தவள் வேலைக்காரி. அவள் கனவை எழுதியது யார்? இதற்குப் பிறகு வருகிறேன்.

காரிங்டன் 1937-இல் ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்டைச் சந்தித்து, அவருடன் பிரான்சில் ஒரு கிராமத்தில் வாழ்ந்தார். போர் வந்தது. எர்ன்ஸ்ட் ஜெர்மானியர் என்பதால் பிரான்சு அவரைச் சிறைமுகாமில் அடைத்தது. ஸ்பெயினுக்குத் தப்பி ஓடிய காரிங்டனுக்கு அங்கே மனம் முறிந்தது. சான்டாண்டர் என்ற ஊரில் மனநல விடுதியில் போட்டார்கள். கார்டியசோல் என்ற மருந்தை ஊசியில் ஏற்றி வலிப்பு வரவழைப்பது அந்தக் காலத்துச் சிகிச்சை. அதையும் அனுபவித்தார். பிறகு வீட்டார் ஏற்பாட்டில் வேறு நாட்டு விடுதிக்கு அனுப்புவதற்காக லிஸ்பனுக்குக் கொண்டுவரப்பட்டபோது, ஒரு காபிக்கடையிலிருந்து நழுவி, டாக்சி பிடித்து மெக்சிகோ தூதரகத்துக்குப் போய்த் தஞ்சமடைந்தார். அந்த அனுபவம் முழுவதையும் பிறகு எழுதினார். 1944-இல் நியூயார்க் பத்திரிகையில் வந்தது. எழுதும்படி தூண்டியவர் அதே பிரெத்தோன்தான், அந்த நன்மையையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் லியோனாவின் கதையை அவர் எழுதினார், காரிங்டன் தன் கதையைத் தானே எழுதினார். இருவருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். ஒருத்திக்கு முடிவாக இருந்த விடுதி, இன்னொருத்திக்கு ஒரு புத்தகமாகி, அதற்குப் பிறகும் வாழ்க்கை இருந்தது.

மெக்சிகோவில் குடியேறி, இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே வரைந்தார், எழுதினார். அவருடைய ஒரு நாவலை என் வயதுக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். கதாநாயகிக்கு 92 வயது, காது கேட்காது. தோழி ஒருத்தி, அந்தக் காலத்தில் காதில் வைத்துக் கேட்கும் கொம்புக்குழல் ஒன்றைப் பரிசாகக் கொடுக்கிறாள். அதை வைத்துப் பாட்டி கேட்கும் முதல் செய்தி என்ன தெரியுமா? மகன், மருமகள், பேரன் மூன்று பேரும் அவளை முதியோர் இல்லத்தில் தள்ளத் திட்டம் போடுவது! அங்கிருந்து கதை ஓநாய், பனிக்காலம், புதையல் என்று எங்கெங்கோ பறக்கிறது. கிழவிகள் சேர்ந்து உலகத்தையே புரட்டிப் போடுகிறார்கள். 1970-களில் அச்சான புத்தகம். இன்றைக்கு நம் தெருவில் எத்தனை வீட்டுத் திண்ணையில் இந்தப் பேச்சு நடக்கிறது! காரிங்டன் 2011-இல் 94 வயதில் மறைந்தார். 2022-இல் வெனிஸ் நகரத்தின் உலகக் கலைக்காட்சிக்கு அவர் குழந்தைகளுக்காக எழுதிய 'கனவுகளின் பால்' என்ற புத்தகத்தின் பெயரையே வைத்தார்கள். அதில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இப்போது அந்த வேலைக்காரியிடம் வருவோம். பாரிஸ், லண்டன் பெண்களால் அவள் பக்கத்திலிருந்து எழுத முடியவில்லை. அடிமைப்படுத்தப்பட்டவர்கள் பக்கத்திலிருந்து எழுதியவர் மார்த்தினிக் தீவின் சூசான் செசேர். மார்த்தினிக் என்றால் யாருக்கோ ஊர் என்று நினைக்காதீர்கள். அங்கே 1848-இல் அடிமை முறை ஒழிந்ததும், கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலில் ஏற்றினார்கள். சுமார் 25,000 பேர், பெரும்பாலும் தமிழர்கள். மாரியம்மன் வழிபாடு இன்றும் அங்கே இருக்கிறது.

சூசான் செசேர் 1915-இல் பிறந்தவர், கறுப்பினப் பெண், என்னைப் போல ஓர் ஆசிரியை. 1941-இல் கணவர் எமே செசேருடனும் நண்பர் ரெனே மெனிலுடனும் சேர்ந்து 'த்ரொபீக்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். ஹிட்லருக்குப் பணிந்த பிரெஞ்சு அரசு தீவை ஆண்ட காலம் அது. நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போகும் வழியில் அந்தத் தீவில் இறங்கிய பிரெத்தோன், மகளுக்கு ரிப்பன் வாங்க ஒரு கடைக்குள் போனபோது அந்தப் பத்திரிகையைப் பார்த்து அசந்துபோனார். 1943-இல் அதிகாரிகள் பத்திரிகைக்குத் தாள் தர மறுத்தார்கள். அதே ஆண்டில் சூசான், சர்ரியலிசம் எங்களுக்கு விளையாட்டு அல்ல, விடுதலைக்கான ஆயுதம் என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். தீவின் அழகைப் பார்த்து மயங்காதீர்கள், அந்த அழகு பசியை மறைக்கிறது என்று 1945-இல் இன்னொரு கட்டுரை. மொத்தம் ஏழே கட்டுரைகள். அதோடு கட்டுரை எழுதுவது நின்றது. ஆறு பிள்ளைகள், ஆசிரியர் வேலை, அரசியலில் புகழ்பெற்ற கணவர். 1966-இல் 50 வயதில் இறந்தார். அந்தக் கட்டுரைகள் தனிப் புத்தகமானது 2009-இல். கணவரின் பெயர் அதற்குள் உலகம் முழுக்கப் பரவியிருந்தது.

இன்னொருவரையும் சுருக்கமாகச் சொல்கிறேன். குளோத் காஹுன் 1894-இல் நாந்த் நகரில் பிறந்த எழுத்தாளர், புகைப்படக்காரர். ஆணா பெண்ணா என்று உலகம் கேட்ட கேள்விக்கு அடங்க மறுத்தவர். தன் தோழி மார்செல் மூருடன் ஜெர்சி தீவில் வாழ்ந்தபோது நாஜிப் படை வந்தது. இருவரும், 'பெயரில்லாத ஒரு ஜெர்மன் சிப்பாய்' எழுதுவது போலப் போரை எதிர்த்துத் துண்டுச்சீட்டுகள் எழுதி, படைவீரர்களின் கோட்டுப் பையிலும் சிகரெட் பெட்டியிலும் போட்டார்கள். ஒரு பெரிய சதிக்கூட்டம் இருக்கிறது என்று தேடிய படை, கடைசியில் பிடித்தது ஐம்பது வயதைத் தொட்ட இரண்டு பெண்களை. 1944-இல் மரண தண்டனை விதித்தார்கள். தண்டனை நிறைவேறுவதற்கு முன் போர் முடிந்து விடுதலையானார்கள்.

நம் நாட்டுத் தொடர்பும் உண்டு. ஓவியரும் எழுத்தாளருமான இதெல் கஹூன் 1906-இல் ஷில்லாங்கில் பிறந்தவர். கவிஞர்கள் வாலன்டைன் பென்ரோஸ், ஆலிஸ் ராஹோன் இருவரும் 1936-இல் சேர்ந்து இந்தியாவுக்கு வந்து தங்கினார்கள். அதே ஆண்டில்தான் ராஹோனின் முதல் கவிதை நூல் வெளிவந்தது.

இதைப் படித்துவிட்டு யாராவது, "இதெல்லாம் நம்மகிட்ட ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இருந்தது டீச்சர்" என்று எழுதுவீர்கள் என்று தெரியும். அப்படிச் சொல்ல வேண்டாம். காரைக்கால் அம்மையார் சர்ரியலிஸ்ட் இல்லை. அவர் பாடியது பக்தி, அவர் தேடியது இறைவனை, அடிமனத்தை அல்ல. ஆனால் ஒன்றை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புனிதவதி என்ற அழகான வணிகர் மனைவி, கணவன் விலகிப்போனதும், இந்த அழகு இனி எதற்கு என்று உதறிவிட்டுப் பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. தன் பதிகத்தில் தன்னையே 'காரைக்கால் பேய்' என்று கையெழுத்துப் போடுகிறார். சுடுகாடும் பேய்களும் அவர் பாட்டில் வருவது போல வேறு யார் பாட்டிலும் வருவதில்லை. பிறர் பார்க்கும் பொருளாக இருக்க மாட்டேன், பார்ப்பவளாகவும் பாடுபவளாகவும் இருப்பேன் என்ற முடிவு அது. காலமும் நோக்கமும் வேறு. அந்த முடிவு மட்டும் காரிங்டனுக்கும் காஹுனுக்கும் புரிந்திருக்கும்.

நம் அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில், ராஜேந்திர சோழன் கட்டிய கோயிலின் வெளிச்சுவரில் நடராசர் சிற்பம் இருக்கிறது. அதில் எலும்பும் தோலுமாக அம்மையாரும் இருக்கிறார். பள்ளியிலிருந்து சுற்றுலா போன எல்லோரும் சண்டேச அனுக்கிரக மூர்த்தியின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வோம். இவரை எத்தனை பேர் பார்த்தோம்?

நம் காலத்துக்கும் வருகிறேன். 1995-க்கு முன் பெரம்பலூர், அரியலூர் எல்லாம் திருச்சி மாவட்டம்தான். அதே பழைய திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியில் பிறந்தவர் கவிஞர் சல்மா. வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்தி வீட்டுக்குள் வைத்தார்கள். திருமணத்துக்குப் பிறகு ராத்திரியில் ஒளிந்து எழுதி, புனைபெயரில் வெளியிட்டார். அவரும் சர்ரியலிஸ்ட் இல்லை. ஆனால் ஒரு பெண் மனத்துக்குள் ஓடுவதை எழுத இங்கே என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதற்கு அவரைவிடப் பக்கத்தில் சான்று தேட வேண்டியதில்லை.

இவ்வளவும் எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் என் பழைய மாணவி ஒருத்தி தனியாகச் செய்தி அனுப்பியிருந்தாள். ப்ளஸ் ஒன் படிக்கும் மகள் ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் ஏதேதோ எழுதுகிறாளாம். வீட்டுக்குள் ஆறு ஓடுகிறதாம், அம்மாவுக்கு இறகு முளைக்கிறதாம், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பாடம் நடத்துகிறார்களாம். "பயமா இருக்கு டீச்சர், மந்திரிக்கலாமா, டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்று கேட்டிருந்தாள்.

அவளுக்குச் சொன்னதையே எல்லோருக்கும் சொல்கிறேன். பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல், அழுதுகொண்டே இருந்தால் தயங்காமல் மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நோய் என்பது கவிதை அல்ல, காரிங்டனே அதை அப்படிக் கொண்டாடவில்லை. ஆனால் நன்றாகச் சாப்பிட்டு, தோழிகளோடு சிரித்துப் பேசி, நோட்டில் மட்டும் ஆறு ஓடவிடுகிற பெண்ணுக்கு வைத்தியம் தேவையில்லை, இன்னொரு நோட்டு போதும். கேட்காமல் அதை எடுத்துப் படிக்காதீர்கள். அவளாகப் படித்துக் காட்டினால், "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று உடனே கேட்காமல் முழுவதும் கேளுங்கள். கல்யாணம் பேசும்போது புடவை, நகை, பாத்திரம் என்று பட்டியல் போடுகிறோமே, அந்த நோட்டையும் அவளோடு அனுப்புங்கள்.

என் வகுப்பில் படித்த பெண்களே, உங்களில் சிலர் எழுதினீர்கள். யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடங்க வயது தடையில்லை. டோரதியா டானிங் என்ற சர்ரியலிஸ்ட் ஓவியர் தன் இரண்டாவது கவிதைத் தொகுப்பை வெளியிட்டபோது அவருக்கு 101 வயது.

இந்த விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கங்கைகொண்ட சோழபுரம் போகிறவர்கள் அந்த நடராசர் சிற்பத்தில் அம்மையார் எங்கே என்று பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள். கண்டுபிடித்ததும் படம் எடுத்து இங்கே போடுங்கள். யாராவது ஏதாவது எழுதியிருந்தால் அதையும் போடலாம். மதிப்பெண் போட மாட்டேன், ஆனால் எழுத்துப் பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழிப்பேன். பழக்கம் விடவில்லை.

அன்புடன்,
உங்கள் வரலாற்று டீச்சர்